இருபத்து நான்காம் வாரம்

டண்டியில் சனிக்கிழமைச் சந்தை,
மூடிப்போன சணல் ஆலைக்குள்.
தகரக் கூரையில் மழை. உள்ளே ஈரக் கோட்டு வாசனை.
சோப்பு, மெழுகுவத்தி, கம்பளிக் காலுறை எல்லாம் கடந்து
கடைசி மேசையில் ஒரு கொக்கு.

சட்டம் போட்ட கண்ணாடிக்குள், கறுப்பு வெல்வெட்டில்,
பழைய கணினிச் சில்லுகளால் ஆன கொக்கு.
சில்லின் கால்களையே நிமிர்த்திக்
கொக்குக்குக் கால் வைத்திருக்கிறான்.
அலகு, பச்சைப் பலகையில் அறுத்த முக்கோணம்.
கண்ணுக்கு மட்டும்
நடுவில் வட்ட ஜன்னல் வைத்த
சாம்பல் நிறப் பீங்கான் சில்லு ஒன்று.

"எல்லாம் செத்தவை," என்றான் டூகல்,
தாடியில் மரத்தூள்.
"அந்த ஜன்னலுக்குள் பாருங்கள், தங்கக் கம்பி."

அலுமினியம், என்றேன்.

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்
குனிந்து வாசித்தேன்.
மலேசியா. கீழே நான்கு இலக்கம்: 8324.
எண்பத்து மூன்று, இருபத்து நான்காம் வாரம்.
ஜூன் நடுவில் வரும்.
அந்த வருஷம் நோன்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது.

பாயான் லெப்பாஸ், மூன்றாம் வரிசை, ஏழாம் மைக்ராஸ்கோப்.
சில்லு ஒன்றுக்கு இருபத்தெட்டுக் கம்பி,
முடியில் பாதி கனம்.
இடப்பக்கம் ரொகாயா.
விடியுமுன் சாப்பிட்டவள்
பகல் இரண்டு மணிக்கு லென்ஸிலிருந்து முகத்தைப் பிய்த்துக்கொண்டு
அலறினாள்:
உள்ளே ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான்,
நாக்கு தரையைத் தொடுகிறது.
அவளைப் பார்த்து சியூ லான், அவளைப் பார்த்து தனபாக்கியம்,
ஒன்பது பேர்.
மானேஜர் மந்திரவாதிக்கு வேன் அனுப்பினார்.
கோழிக்கான பில்லில் அவரே கையெழுத்துப் போட்டார்.

என் லென்ஸில் ஒருத்தனும் வரவில்லை.
அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.
ஆனால் அந்த முதல் அலறலில்
கை துள்ளியது. ஒரு கம்பி தொய்ந்தது.
சிவப்புத் தட்டில் போட்டிருக்க வேண்டும்.
கணக்குக்கு ஒன்று குறைந்தது,
பச்சைத் தட்டில் வைத்தேன்.

இது அதுதான் என்று சொல்ல வரவில்லை.
அந்த வாரம் எத்தனை ஆயிரம் கட்டினோமோ,
யார் எண்ணியது.
சும்மாதான் கேட்டேன், பூதக்கண்ணாடி இருக்கிறதா என்று.
(சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் அதற்குப் பெயர்.)

இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று.
ஒரு குழந்தை மேசையில் முட்டியது. மறுபடி ஒன்று, இரண்டு.
பதினொன்றாவது கம்பி
ஈரத் துணி போட்ட கொடிபோல்
நடுவில் இறங்கியிருந்தது.
அல்லது என் கண்புரை.

"இது எதற்குள் இருந்தது?"
"பிஸ்கட் ஆலைத் தராசு. போன வருஷம்வரை ஓடியதாம்.
தராசைத்தான் மாற்றினார்கள், இது கெடவில்லை."
செத்தவை என்றாயே, என்று கேட்கவில்லை.

நாற்பது வருஷம்
யாரோ தேநீரில் தோய்க்கும் பிஸ்கட்டை
கிராம் பிசகாமல் நிறுத்திருக்கிறது,
தொய்ந்த கம்பியோடு.
சந்தோஷம் என்று சொல்ல முடியாது.
திருடியதைத் திருப்பிக் கொடுக்கப் போனால்
வீட்டுக்காரர் தேடவே இல்லை என்பதுபோல் ஒன்று.

"ஜன்னல்மேல் காகிதம் ஒட்டியிருக்குமே?"
"அழகைக் கெடுத்தது. உரித்துவிட்டேன்."
"வெயிலில் மாட்டாதே. ஒளி உள்ளே போனால்
எழுதிவைத்தது அழிந்துபோகும்."
"டண்டியில் வெயிலா!" என்று
பக்கத்து மேசைக்காரியையும் சேர்த்துக்கொண்டு சிரித்தான்.

சட்டத்தின் மூலையில் விலைச்சீட்டு, எண்பத்தைந்து பவுண்டு.
நகத்தால் மெல்ல உரித்தேன்.
கண்ணாடிமேல், கொக்கின் கண்ணுக்கு நேரே,
காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்தி ஒட்டினேன்.
கை நடுங்கவில்லை.

பின்னால் நின்றவர் கேட்டார்,
விற்றுவிட்டதா என்று.